வேரைக் காணோமே

நன்னாரிக் கொடியை மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். எதிரெதிராக அமைந்த இலைகள், நடுநரம்பை ஒட்டி ஓடும் வெள்ளைக் கோடு, இலைக்கணுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிளகை விடச் சின்னப் பூக்கள். பூவை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்து, வெளியே பச்சை, உள்ளே கருஞ்சிவப்பு என்று நிறம் கலந்து, தாளின் கீழ் மூலையில் பத்து மடங்கு பெரிதாகப் போட்டேன். நான் அதுவரை வரைந்ததிலேயே சுத்தமான படம் அதுதான் என்று நம்பினேன். அதை எடுத்துக்கொண்டு போய், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நன்னாரி தோண்டி விற்று வரும் ஒரு ஆயாவிடம் காட்டினேன். அவர் தாளைக் கையில் வாங்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "இது என்ன கொடி, பாப்பா?" என்றார்.

நான் நன்னாரி என்றேன். அவர் இன்னொரு முறை பார்த்துவிட்டு, "வேரைக் காணோமே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. சட்டியில் உப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். நான் மதுரைக்குத் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. அந்த இரண்டு சொல் இன்னும் என்னை விடவில்லை. எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு சிறிய கலை அமைப்பு என்னைத் தரங்கம்பாடியில் ஏழு வாரம் தங்க அழைத்திருந்தது. ரெசிடென்சி என்று சொல்கிறார்களே, அதுதான். தங்க ஒரு பழைய வீட்டின் மாடி அறை, சாப்பாடு, தாளும் வண்ணமும் வாங்க ஒரு தொகை. பதிலுக்கு அந்த ஊரின் நிலத்தையும் அங்கே இருந்த மூலிகை அறிவின் வரலாற்றையும் வைத்து ஏதாவது செய்ய வேண்டும், கடைசியில் ஊர்க்காரர்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஆவணி கடைசியில் போய், ஐப்பசி நடுவில், மழை பிடித்த பிறகு திரும்பினேன். போகும்போதே திட்டம் தெளிவாக இருந்தது. பன்னிரண்டு செடி, பன்னிரண்டு தாள். பாடப்புத்தகங்களுக்குப் பத்து வருடமாகச் செடி கொடி வரைந்து வருகிறவள் நான். வெள்ளைத் தாளின் நடுவே ஒரு கிளை, பக்கத்தில் பூவின் குறுக்குவெட்டு, கீழே காய், விதை: இந்த முறை என் கைக்குப் பழகியது. அதைவிட அந்த ஊருக்கு இதுதான் பொருத்தம் என்றும் நினைத்தேன். ஏனென்றால் இந்த முறையில் செடியைப் பார்க்கும் கண் தமிழ்நாட்டில் வந்து இறங்கிய முக்கியமான துறைகளில் ஒன்று தரங்கம்பாடி.

கப்பலேறிய செடிகள்

ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவையும் அவருடைய அச்சுக்கூடத்தையும் டேனிஷ் கோட்டையையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதே ஊரின் செடிக் கதை அவ்வளவாகப் பேசப்படவில்லை. சீகன்பால்கு வந்து மூன்று வருடம் கழித்து, 1709-இல், கிரூண்ட்லர் என்ற பாதிரியார் வந்தார். அவர் தமிழ் வைத்தியச் சுவடிகளைத் தேடிப் படித்து, 1711-இல் ஜெர்மன் மொழியில் 'மலபார் வைத்தியன்' என்று ஒரு கையெழுத்து நூலே எழுதினார். தமிழரை இந்தப் பாதிரியார்கள் அப்போது மலபாரிகள் என்றுதான் அழைத்தார்கள். காய்ச்சல், பேதி என்று படுத்தால் பக்கத்துத் தெரு வைத்தியரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருந்தவர்கள் அவர்கள். கேட்டார்கள், எழுதி வைத்தார்கள்.

அப்புறம் 1768-இல் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் வந்தார். அந்தப் பாதிரியார்களின் மிஷனுக்கு மருத்துவராக வந்தவர், அதற்கு முன்பு சுவீடனில் லின்னேயஸிடம் செடியியல் படித்தவர். உலகத்துச் செடிகளையெல்லாம் பூவுக்குள் எத்தனை மகரந்தத் தாள் என்று எண்ணி இருபத்து நான்கு வகுப்பாகப் பிரித்த அதே லின்னேயஸ். கோனிக் இந்தக் கரையில் கிடைத்ததையெல்லாம் பறித்து, காகிதத்துக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து, கப்பலில் ஏற்றினார். பிறகு ஆற்காட்டு நவாபிடம் வேலைக்குப் போனார், அதன் பின் ஆங்கிலக் கம்பெனிக்குப் போனார், 1785-இல் காக்கிநாடா அருகே இறந்தார். அவருடைய குறிப்புகள் லண்டனில் ஜோசப் பேங்க்ஸ் என்ற தாவரவியலாளரிடம் போய்ச் சேர்ந்தன. நாம் தினமும் தாளிக்கும்போது கிள்ளிப் போடுகிற கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இன்றும் கோனிக் இருக்கிறார். 1771-இல் லின்னேயஸ் வைத்தது. பேரினப் பெயர் அப்புறம் மாறியும் 'கோனிகி' என்ற பின்பாதி போகவில்லை. இது எனக்குத் தெரிந்த நாளிலிருந்து ரசம் தாளிக்கும்போதெல்லாம் அந்த மனிதரின் நினைவு வருகிறது.

அவருக்குப் பின் ராட்லர், ஜான், கிளைன் என்று ஒரு வரிசை. 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர், பின்னாளில் சென்னையில் ஒரு பெரிய தமிழ் அகராதியும் தொகுத்தார். சொற்களைச் சேர்த்த அதே பொறுமையோடு செடிகளையும் சேர்த்தவர். இவர்கள் காயவைத்து அனுப்பியவற்றில் பல பெர்லினில் வில்டனோவ் என்ற தாவரவியலாளரின் மேசையில் போய் விழுந்தன. தரங்கம்பாடி வேலியோரம் நின்ற கொடிக்கு, தரங்கம்பாடியைப் பார்த்தே இராத ஒருவர், காய்ந்த இலையை வைத்துப் பெயர் சூட்டினார்.

படம் வரைகிறவளாக எனக்கு இந்த வரிசையில் மிக நெருக்கமானவர் ரங்கையா. கோனிக்குக்கு இரண்டு தலைமுறை தள்ளி, 1819-இல் சென்னைக்கு வந்த ராபர்ட் வைட் என்ற மருத்துவருக்குப் படம் வரைந்தவர். தெலுங்கு பேசும் ஓவியர் குடும்பம். இருபது வருடம் போல வரைந்தார். அவருக்குப் பின் அந்த வேலையைக் கோவிந்து ஏற்றார். 1838 முதல் 1853 வரை வைட் சென்னையில் கல்லச்சில் வெளியிட்ட பெருந்தொகுதியில் 2101 படங்கள். கோவிந்துவின் பெயரில் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயா' என்று வைட் பெயரிட்டார். அந்தப் பெயர் பின்னால் வழக்கொழிந்துவிட்டது. இவர்களின் அசல் ஓவியங்கள் பல எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் இருக்கின்றன. நான் அவற்றைத் திரையில் மட்டும் பார்த்திருக்கிறேன். ஒரு காம்பு தண்டில் இருந்து பிரியும் இடத்தில் ரங்கையா போடும் அந்த மெல்லிய நிழலைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. என் நன்னாரிப் படம் ஒரு விதத்தில் அவருக்கு நான் செலுத்திய வணக்கம். அதனால்தான் ஆயாவின் கேள்வி என்னோடு நிற்காமல் ரங்கையா வரை போய்க் குத்தியது.

கரையில் நின்றவை

முதல் இரண்டு வாரம் கடற்கரையிலேயே போயிற்று. காலையில் மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் போய் உட்காருவேன். 1300-களின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் கட்டிய கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது பாறை கொட்டி மறித்திருக்கிறார்கள். கோயிலுக்கும் அலைக்கும் நடுவே உள்ள துண்டு மணலில் அடம்பு படர்ந்திருந்தது. சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்து அடும்பு என்று வருமே, அதே கொடி. இலை நடுவில் பிளந்து ஆட்டுக் குளம்பு போல இருக்கும். அதனால் நம்மில் ஆட்டுக்காலடம்பு என்றும் ஒரு பெயர். லின்னேயஸ் வைத்த லத்தீன் பெயருக்கும் பொருள் 'ஆட்டுக்கால்' என்பதே. 1678-க்கும் 1693-க்கும் நடுவே ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதியாக அச்சான ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸில் இதே கொடி 'சுவன்ன அடம்பு' என்று மலையாளப் பெயரோடு இருக்கிறது. 742 செடிகளைச் சொல்லும் அந்த நூலுக்கு இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் தன் குடும்பச் சுவடியைத் திறந்து காட்டினார்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், சொறி பட்டுக் கையில் தடித்துவிட்டால் இந்த இலையைக் கசக்கித் தேய்ப்போம் என்றார். கடலில் மிதக்கிற இழுதுமீனைத்தான் அங்கே சொறி என்கிறார்கள். அடம்புக்குப் பக்கத்தில் ராவணன் மீசை. உருண்டை முள்கொத்து காற்றில் உருண்டு ஓடும், நின்ற இடத்தில் மணலைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்துதான் மணல்மேட்டைக் கட்டி நிறுத்துகின்றன. சுனாமிக்குப் பிறகு மணல் முழுக்கச் சவுக்கு வைத்தார்கள், அதுக்கு அடியில் இது ரெண்டும் வராது என்று அந்த அண்ணனே சொன்னார்.

கொஞ்சம் மேலே ஏறினால் நித்தியகல்யாணி, ரோஸும் வெள்ளையுமாக. மடகாஸ்கரில் இருந்து வந்த செடி, இப்போது இந்தக் கரையையே பிறந்த வீடாக்கிக்கொண்டுவிட்டது. 1950-களின் கடைசியில் இதன் இலையில் கண்டெடுத்த வின்பிளாஸ்டினும், பிறகு வந்த வின்கிரிஸ்டினும் புற்றுநோய்க்கு மருந்தாயின. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் பிழைத்தவர்கள் பலரின் உடம்பில் இந்தச் செடியின் சாறு ஓடியிருக்கிறது. இலைக்கும் வேருக்குமாக நம் தென்மாவட்டங்களில் இதைப் பயிர் செய்து ஏற்றுமதியும் செய்கிறார்கள். ஊரில் இதற்கு இன்னொரு பெயர் சுடுகாட்டு மல்லி. நான் இதையும் வரைந்தேன். ஐந்து இதழ், நடுவில் கண், அழகான படம். அந்தப் படத்தைப் பார்த்து யாராலும் இது சுடுகாட்டு மணலில் நிற்கும் செடி என்று சொல்ல முடியாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது வாரம், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்தான் அந்த ஆயாவிடம் கூட்டிப்போனார். பொறையார் பக்கம், வாய்க்கால் மேட்டை ஒட்டி வீடு. மாமனார் நாட்டு வைத்தியர். அவர் சொல்லச் சொல்லத் தோண்டிக் கொடுக்கும் வேலை மருமகளுக்கு வந்திருக்கிறது. மாமனார் போன பிறகும் விடவில்லை. வேரை மயிலாடுதுறை நாட்டு மருந்துக் கடைக்கு எடைக்குப் போடுகிறார். பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார், எழுதவில்லை. அவரிடம்தான் என் படத்தைக் கொண்டுபோனேன். முதலில் சொன்ன சம்பவம் அப்போது நடந்தது.

யாருக்காக வரைந்த படம்

அன்று ராத்திரி மாடி அறையில் அந்தத் தாளைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் கோபம்தான் வந்தது. வயதானவர், படம் பார்த்துப் பழகாதவர், அதனால் தெரியவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் அரை மணி நேரம் கூட நிற்கவில்லை. அவர் வீட்டுச் சுவரில் சாமி படங்கள் இருந்தன, பேரனின் கல்யாண ஆல்பத்தை எனக்கு ஒவ்வொரு முகமாகக் காட்டியிருந்தார். படம் பார்க்கத் தெரியாதவர் இல்லை. அவருக்கு நன்னாரியைக் காட்டிக் கொடுக்கும் எதுவும் என் படத்தில் இல்லை, அவ்வளவுதான்.

நன்னாரியின் இலையை நம்பக் கூடாது. இளங்கொடியில் ஊசி போல நீண்டு இருக்கும், முற்றியதில் அகன்றுவிடும். ஒரே கொடியிலேயே இரண்டும் இருக்கும். வெள்ளைக் கோடு சிலதில் பளிச்சென்று, சிலதில் தேடினாலும் கிடைக்காது. கிள்ளினால் பால் வரும், ஆனால் வேலியில் கிள்ளினால் பால் வருகிற கொடி ஏழெட்டு இருக்கிறது. பூவை யாரும் பார்ப்பதே இல்லை. மதுரைக்காரிக்கு நன்னாரி என்றால் சர்பத், ஜிகர்தண்டா. அந்த மணம் முழுக்க வேரில் இருக்கிறது. அதிலும் ஏமாறலாம். மாகாளிக்கிழங்குக்கும் இதே மணம்தான், சர்பத்துக்கு நன்னாரி என்று கடையில் வருவதில் அந்தக் கிழங்கும் உண்டு. ஆக ஒருவர் நன்னாரியை நன்னாரி என்று உறுதியாகச் சொல்வதற்கு அது எந்த மண்ணில் இறங்குகிறது, வேர் எவ்வளவு தடிமன், மேல்தோலை நகத்தால் சுரண்டினால் என்ன வாசம், வேருக்குள் இருக்கும் நடுநரம்பு எப்படி என்றெல்லாம் பார்க்க வேண்டும். நானோ அவற்றையெல்லாம் தாளுக்கு வெளியே விட்டுவிட்டு, யாரும் பார்க்காத பூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி வைத்திருந்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்தபோது கோனிக்கின் கப்பல் நினைவுக்கு வந்தது. இந்த வகைப் படம் பிறந்ததே இங்கே வர முடியாதவர்களுக்காக. லண்டனிலும் பெர்லினிலும் ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு, இந்தச் செடி எந்தக் குடும்பம், ஏற்கெனவே பெயர் வைத்ததா புதியதா என்று தீர்மானிக்க வேண்டும். அவருக்குத் தேவை மகரந்தத் தாளின் எண்ணிக்கை, சூலகத்தின் அறைகள். வேலி அவருக்கு வேண்டாம், மண்ணின் நிறம் வேண்டாம், தோண்டப் போவதில்லை என்பதால் வேரும் பெரும்பாலும் வேண்டாம். ஆகவே ஓவியர் செடியைக் கையளவு கிளையாக வெட்டி, வெள்ளைத் தாளில் அந்தரத்தில் நிறுத்தினார். நான் வணங்குகிற ரங்கையாவும் இதைத்தான் செய்தார். அவரிடம் கேட்டது அது, அதை அவரைவிட அழகாகச் செய்தவர் குறைவு. தொலைவில் இருக்கும் கண்ணுக்கு வரைவது ஒரு பெரிய கலை என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் நான் தரங்கம்பாடியிலேயே உட்கார்ந்து, தரங்கம்பாடிக்காரர்களுக்காக வரைந்துகொண்டிருந்தேன். எதிரில் இருக்கிறவரைப் பார்க்காமல் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற யாருக்கோ வரைந்திருக்கிறேன்.

பெயர்களிலும் இதே வேறுபாடு இருக்கிறது. நன்னாரியின் அறிவியல் பெயர் ஹெமிடெஸ்மஸ். 'பாதிக் கட்டு' என்பது போன்ற பொருள் தரும் கிரேக்கச் சொல், பூவின் மகரந்த உறுப்புகள் பாதி பிணைந்திருப்பதைக் குறிக்கிறது. மலையாளத்தில் நறுநீண்டி என்கிறார்கள். என் காதில் அது நறுமணமும் நீளமுமாக விழுகிறது. இரண்டும் வேரின் குணம். ஒரே கொடிதான். ஒரு பெயர் கண்ணாடி வைத்துப் பூவுக்குள் பார்க்கிறது, இன்னொரு பெயர் மண்ணைத் தோண்டி மூக்கருகே கொண்டுபோகிறது. கீழாநெல்லி என்றால் இலையைத் திருப்பிக் கீழே பார் என்று பெயரே சொல்லிவிடுகிறது. சுடுகாட்டு மல்லி என்றால் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. இந்தப் பெயர்களை நான் என் படங்களுக்கு அடியில் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தேன், அவை சொன்னதைக் கேட்கவில்லை.

வேலியோரம்

மறுநாளே ஆயாவிடம் போய், வேரைக் காட்டுங்கள் என்றேன். "இப்ப தோண்டுற நாளில்ல. மண்ணு கல்லாட்டம் இருக்கு" என்றார். மழை முடிந்து, மண் ஈரம் வற்றி, கொடியில் இலை குறைகிற தை, மாசியில்தான் வேரில் சத்து நிற்கும் என்பது அவர் கணக்கு. நான் ஊருக்குப் போய்விடுவேன் என்று சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். "சரி, பாக்குறதுக்கு மட்டும் ஒண்ணு" என்று களைக்கொட்டை எடுத்துக்கொண்டார். ஒரு பாட்டிலில் தண்ணீரும் எடுத்தார். குடிக்க என்று நினைத்தேன்.

வாய்க்கால் மேட்டில் பழைய கிளுவை வேலி. அதன் மேல் கோவை, முடக்கத்தான், வேலிப்பருத்தி எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. நான் கையில் வைத்திருந்த படத்தின் கண்ணால் தேடினேன், எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அவர் மேலே பார்க்கவே இல்லை. வேலியின் அடியில், கிளுவைத் தூரை ஒட்டி, தரையோடு கிடந்த கம்பி போன்ற தண்டைக் காலால் ஒதுக்கிக் காட்டினார். அங்கே இருந்துதான் அந்தக் கொடி மேலேறி, வேறு கொடிகளின் இலைக்குள் தன் இலையைக் கலந்துவிட்டிருந்தது. உட்காரும் முன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். சித்த வைத்தியத்தில் காப்புக் கட்டி, அனுமதி கேட்டு வேர் எடுக்கும் வழக்கம் உண்டு, மஞ்சள் நூல் கட்டுவார்கள். அவர் மாமனார் அப்படித்தான் செய்வாராம். "எனக்கு மந்திரம் தெரியாது. கேட்டுட்டு எடுக்குறேன், அவ்வளவுதான்" என்றார்.

தண்டு இறங்கிய இடத்தில் தோண்டாமல் ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் தோண்டினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வேர் நேராக இறங்கவில்லை, வளைந்து வளைந்து, கிளுவை வேரைச் சுற்றிக்கொண்டு, ஒரு கல்லைத் தாண்டிப் போயிற்று. என் சுண்டுவிரல் அளவு கூடத் தடிமன் இல்லை. அங்கங்கே குறுக்கு வெடிப்பு. கரும்பழுப்புத் தோலை நகத்தால் சுரண்டினார், உள்ளே வெளுப்பு. என் மூக்கருகே நீட்டினார். என் சின்ன வயது முழுவதும் அந்த வாசத்தில் இருந்தது, மதுரை வெயில், ஐஸ் உரசுகிற சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி, பக்கவேரில் ஒரு விரல் நீளம் மட்டும் நறுக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, மூல வேரை அப்படியே விட்டு மண்ணைத் தள்ளி மூடினார். காலால் மெதுவாக அழுத்தினார். கொண்டுவந்த தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றினார். "வேலிய உரிச்சுப்புட்டா அடுத்த வருசம் எங்க போறது?" என்றார்.

நான் அந்தக் குழி மூடுவதற்கு முன்பு பத்து நிமிடம் போல அவசரமாகப் பென்சிலில் வரைந்துகொண்டேன். முழங்காலில் நோட்டு, கையெல்லாம் மண். ஏழு வாரத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலை அந்தப் பத்து நிமிடம்தான் என்று நினைக்கிறேன்.

மண்கோடு

மீதி நாட்களில் பன்னிரண்டு தாள் திட்டத்தை விட்டுவிட்டேன். நான்கடி உயரத்துக்கு ஒரு தாளை ஒட்டித் தயார் செய்து, மேலே இருந்து மூன்றில் ஒரு பங்கில் குறுக்கே ஒரு கோடு போட்டேன். அது மண். கோட்டுக்கு மேலே வேலி: கிளுவைத் தூர், முறுக்கிய முள்கம்பி, கோவைக்கொடி, அதற்குள் அங்கங்கே தலைகாட்டும் நன்னாரி இலை. பூ ஒரு குண்டூசித் தலை அளவுக்குத்தான் வந்தது. கோட்டுக்குக் கீழே இரண்டு பங்கு தாள் முழுக்க மண்ணும் வேரும். மண்ணுக்கு நிறம் கலப்பது இவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாது. மேலே வெளுத்த சாம்பல், கீழே போகப் போகச் செம்பழுப்பு, கடல் பக்கமாக மணல் கலந்த ஒரு பட்டை. வாய்க்கால் மேட்டில் இருந்து ஒரு பையில் மண் கொண்டுவந்து சலித்து, பசை நீரில் கலந்து அதையே பூசினேன். இருபத்தொரு நாள் ஆயிற்று.

கடைசியில் இரண்டு நன்னாரிப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினோம். தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். பெரிய படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இதை வைத்து யாரும் இனத்தை உறுதி செய்ய முடியாது, பூவின் அமைப்பே தெரியவில்லை என்றார். சரிதான். ஒரே பெயரில் மூன்று செடி புழங்குகிற நாட்டில், மருந்துக் கடைக்காரர் வேறு வேரைக் கொடுத்துவிடக் கூடாது என்றால் அந்தச் சின்னப் பூவைத்தான் கடைசியில் நம்ப வேண்டியிருக்கிறது. லின்னேயஸிடம் கோனிக் கற்ற அந்த எண்ணிக்கைக்கு இன்றும் வேலை இருக்கிறது. அதனால் முதல் படத்தை நான் கிழிக்கவில்லை. அது தொலைவில் இருக்கிறவருக்கு. ஆனால் இனிமேல் ஒரு செடியின் முன் உட்காரும்போது அதை முதலில் வரைய மாட்டேன் என்று மட்டும் தெரிகிறது.

ஆயா கண்காட்சிக்கு வரவில்லை. முழங்கால் வலி, மழை வேறு. அதனால் ஊருக்குக் கிளம்பும் அன்று காலை, பெரிய தாளைச் சுருட்டி, மேலே பிளாஸ்டிக் சுற்றி, அண்ணனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். திண்ணையில் விரித்துப் பிடித்தோம், நான் ஒரு முனை, அண்ணன் ஒரு முனை. இந்த முறை அவர் கிட்டே வந்து, தாளைத் தொட்டார். மண் பூசிய இடத்தில் கை சொரசொரத்ததும் ஒரு முறை என்னை நிமிர்ந்து பார்த்தார். "வாய்க்கா மேட்டு வேலியில்ல இது?" என்றார். ஆமாம் என்றேன். "மழைக்கு முன்னாடி வரைஞ்சிருக்க. மண்ணு வெளுத்துக் கெடக்கு." அதற்கும் ஆமாம் என்றேன். பிறகு விரலை மண்கோட்டில் இருந்து வேரின் வழியாக மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார். கல்லைத் தாண்டி வேர் வளைகிற இடத்தில் நிறுத்தினார். "இந்த முட்டிக்கிட்ட இன்னொண்ணு பிரிஞ்சு அந்தப் பக்கம் போவும். நாம தோண்டல அன்னிக்கு. இதவிடத் தடியா இருக்கும்" என்றார். தாளில் அந்த இடம் வெறும் மண்ணாக இருந்தது. "தையில வா. காட்டுறேன்."

அந்த இடத்தில் ஒரு சின்னப் பென்சில் கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். தாள் என் அறையில் சுவரோரம் சுருட்டியபடி நிற்கிறது. இப்போது மார்கழி. தரங்கம்பாடிக்கு ரயில் 1986-இலேயே நின்றுவிட்டது. மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து பேருந்து. பொங்கல் கூட்டம் கலைந்ததும் கிளம்பலாம் என்று இருக்கிறேன். பையில் இந்த முறை உருப்பெருக்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருக்கும்.